வெள்ளச்சிக்குக் குட்டி வேணுமாம்

மல்லிகைப் பூவோடு குதிரை வியர்வை கலந்தால் ஒரு வாசனை வரும். முகர்ந்தவர்களுக்கு மறக்காது, முகராதவர்களுக்கு எத்தனை சொன்னாலும் புரியாது. போன வாரம், பினாங்குத் தீவின் கெலுகோரில், எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள், அது திடீரென்று வந்து நின்றது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு பெண், தலை கொள்ளாத பூ. பக்கத்தில் பூப்பந்து ஆடி நனைந்துபோன சட்டையோடு ஒரு மனிதர். கதவு மூடியது, இரண்டும் கலந்தன. லிஃப்ட் என்னவோ மேலேதான் போனது. நான் பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களின் ஓரமாக, அக்கரையில் பத்து காவான் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். கூடவே பழைய கோபமும் வந்து ஏறிக்கொண்டது. ஆறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெருந்தொற்று ஓய்ந்து கல்யாண மண்டபங்கள் மறுபடி திறந்த சமயம் அது. ஒத்திப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் அணை உடைந்ததுபோல் ஒன்றாகக் கிளம்பி வந்தன. ஜார்ஜ்டவுனில் ஒரே முகூர்த்தத்தில், ஒரே தெருவில், ஒன்றை ஒன்று அடக்கப் பார்க்கும் உறுமி மேளங்கள். எனக்கும் என் தம்பிக்கும் அதுதான் தொழில். மணவறை ஜோடனை, பூ எல்லாம் என் பொறுப்பு. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கொண்டுவருவது அவன் பொறுப்பு. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெண்குதிரை. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. பாதி அவனுடையது, பாதி என்னுடையது. பத்து காவானில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், இன்னும் கட்டடம் முளைக்காத பழைய எஸ்டேட் நிலத்தில் தகரக் கூரை போட்டு அவளை வைத்திருந்தோம். வெள்ளச்சி என்று கூப்பிடுவோம்.

பந்தயத்தில் ஓடி ஓடி, ஒருநாளும் முதலாவதாக வராமல், போதும் என்று கழித்துவிடப்பட்டவள். வாங்கியபோது வெள்ளை இல்லை. மழைக்கு முந்தின வானம் மாதிரி சாம்பல் நிறம், அதில் ஆங்காங்கே வெளிச்சப் புள்ளிகள். வருடத்துக்கு வருடம் வெளுத்தாள். கல்யாணத்தில் நீங்கள் பார்க்கும் வெள்ளைக் குதிரைகள் அநேகமாக இப்படித்தான். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, நமக்குத் தலை நரைப்பதுபோல உடம்பெல்லாம் நரைத்து வெள்ளையாகிறவை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குப் படத்தில் வெள்ளையாக விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் உறுமி காதைக் கிழிக்கும். முன்னால் பையன்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்தடவையாகக் குதிரை ஏறியவர். பயத்தில் கடிவாளத்தை நாற்காலிக் கைப்பிடி மாதிரி பிடித்திருப்பார். அவள் காதை மட்டும் பின்னால் மடித்துக்கொண்டு, இடுப்பில் நிறைகுடம் வைத்திருப்பவள்போல, கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசல்வரை ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்து வருவாள். இறக்கிவிட்டதும் பெருமூச்சு ஒன்று விடுவாள். அந்த மூச்சுக்காகவே நான் வாசலில் நிற்பேன்.

அவள் வாலில் மல்லிகை பின்னுவது நான்தான். அப்படிப் பின்னும்போது ஒருநாள் விரலில் தட்டியது. வாலின் அடியில், முடியில்லாத கருந்தோலில், மிளகு மிளகாக ஏதோ. அடுத்த வருடம் அவை திராட்சை அளவுக்கு வந்தன. நரைத்து வெளுக்கிற குதிரைகளுக்கு வயது ஏறினால் வருகிற கட்டி என்று மருத்துவர் சொன்னார். இப்போதைக்கு வலி இருக்காது, ஆனால் வளரும், உள்ளுக்குள்ளும் வளரலாம், கண்ணை வைத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

தம்பி தோளைக் குலுக்கினான். "வெள்ளக் குதிரைன்னா இதெல்லாம் சகஜம் லா அக்கா."

சரி என்று நானும் பூவைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டப் பழகிக்கொண்டேன்.

இனிதான் கதை. நம் ஆட்கள் எதையும் சும்மா விடமாட்டார்கள் அல்லவா? வெள்ளச்சி மேல் வந்த மாப்பிள்ளைகள் சிலருக்கு அடுத்த வருடமே பிள்ளை பிறந்தது. கல்யாணமானவர்களுக்குப் பிள்ளை பிறப்பதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்கவில்லை. 'பிள்ளை ராசிக்காரி' என்று பெயர் கட்டிவிட்டார்கள். பிள்ளைக்காகக் காத்திருந்த தம்பதிகள் பத்து காவானுக்குக் காடி ஓட்டிக்கொண்டு வந்து, அவளுக்கு வெல்லம் ஊட்டி, வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். என் தம்பி மனைவியும் அதில் ஒருத்தி. கல்யாணமாகிப் பல வருடம் வெறும் கையோடு இருந்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து வெல்லம் ஊட்டினாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் நான்.

கேலிக்குரியது அடுத்து நடந்தது. சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கல்யாண ஏற்பாடு பேசப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை, கழுத்து நிறைய நகையும் வாய் நிறைய சந்தேகமும் உள்ள ஒரு பெண்மணி, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தம்பியைக் கேட்டார்.

"ராசியான குதிரைன்னு சொல்றாங்களே தம்பி, அது இதுவரைக்கும் எத்தன குட்டி போட்டிருக்கு?"

என் தம்பிக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. "குட்டி போட்டதில்ல அத்தை."

கோப்பை கீழே வைக்கப்பட்டது. "அய்யோ! மலட்டுக் குதிரையிலயா எங்க பையன ஏத்தப் போறீங்க?"

அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனது. அது போனால் போகட்டும். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஏறி தீவு முழுவதும் சுற்றியது. ராசிக்காரி ஒரே மாதத்தில் மலடி ஆனாள். நேற்று அவள் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்ட அதே விரல்தான் இன்று கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தட்டி அனுப்பியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! அவளைக் குட்டி போட விட்டது யார்? பந்தயத்தில் ஓடின காலத்தில் ஓட்டம் கெட்டுவிடும் என்று ஆணின் பக்கமே விடவில்லை. எங்களிடம் வந்த பிறகு, வயிறு பெருத்தால் சேணம் ஏறாது, கல்யாண வேலை நின்றுவிடும் என்று நாங்களும் விடவில்லை. அவள் காலமெல்லாம் வாசலை வெளியில் தாழ்போட்டு வைத்துவிட்டு, ஏன் இந்தப் பெண் வெளியே வரவில்லை என்று கேட்கிறார்கள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். இது என் சொந்தப் புண் இல்லை. என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றுகூட என் காது மடல் சுடுகிறது. ஒரு மிருகத்தைத் திட்டுவதற்குக்கூட நமக்குக் கையில் கிடைப்பது அந்த ஒரு சொல்தானா?

ஒருநாள் காலை, நான் லிட்டில் இந்தியாவில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான். குரலில் ஒரு மினுமினுப்பு. வடக்கே கெடாப் பக்கம் குதிரைகள் வைத்துக் கல்யாணத்துக்கு விடும் ஒருவரோடு பேசி முடித்துவிட்டானாம். அவரிடம் வெள்ளை ஆண்குதிரை இருக்கிறதாம். வெள்ளச்சிக்கு அதைச் சேர்ப்பதற்கு அவர் எதுவும் கேட்கவில்லையாம்.

"மொதக் குட்டி அவருக்கு. ரெண்டாவது நமக்கு. டீல் எப்படி?"

"முதல் குட்டிக்கே அவ தாங்குவாளான்னு யார்கிட்ட கேட்டே?"

"அக்கா, ஒரு குட்டி போட்டுட்டா எல்லா வாயும் மூடிரும் லா. தாய்க் குதிரைன்னு போர்டே போட்டுடலாம்."

வெள்ளச்சிக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது இருக்கும். சாணம் போடும்போது முக்கத் தொடங்கியிருந்தாள். கட்டிகள் வாலடியிலிருந்து கீழே இறங்கி, குட்டி வெளியே வரவேண்டிய வழியைச் சுற்றிலும் பரவியிருந்தன. அவற்றைத் தினமும் கழுவுகிறவன் அவன்தான். அவனுக்குத் தெரியாததா? எவர் வாயையோ மூடுவதற்கு இவள் உடம்பைத் திறக்க வேண்டுமா? பூக்காரி காசு கேட்டு நிற்பதுகூடத் தெரியாமல் நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

தம்பியை விடுங்கள், அவன் தொழில் பார்க்கிறவன். அவன் மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று நம்பிப் போனேன். அவள் குழந்தையை மடியில் வைத்து இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஊருக்கே பிள்ளை குடுத்துச்சு அண்ணி. அதுக்குன்னு ஒன்னு வேணாமா? செத்துப் போறதுக்குள்ள அதுவும் ஒரு தடவ தன் குட்டிய நக்கிக் குடுத்துப் பாக்கட்டுமே."

அந்த அத்தையோடு சண்டை போடலாம், தம்பியோடு சண்டை போடலாம். இவளோடு எப்படிப் போடுவது? கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, முழு மனசோடு, நன்றிக்கடன் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு ஓர் உயிரைப் பள்ளத்துக்குள் தள்ளப் பார்க்கிறாள். கெட்ட எண்ணத்தைவிட எனக்கு அதிகப் பயம் தந்தது அந்த நல்ல எண்ணம்தான்.

கடைசியில் நான் பிடிவாதம் பிடித்து மருத்துவரை வரவழைத்தேன். சீனப் பெண், இளம் வயது, தோள்வரை நீளும் கையுறை. மலாயும் ஆங்கிலமுமாகப் பேசுவார். அவர் வெள்ளச்சியை உள்ளும் புறமும் பார்த்து முடிப்பதற்குள் மழை ஒன்று வந்து தகரத்தை அடித்துவிட்டுப் போனது. கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். இந்த வயதில் முதல்முறையாகக் கருத்தரிப்பதே கஷ்டம். தரித்துவிட்டால் பதினோரு மாதம் சுமக்க வேண்டும். பிரசவத்தில் இளகி விரிய வேண்டிய தோல் முழுக்கக் கட்டியாக இறுகிக் கிடக்கிறது; குட்டியின் தலை வரும்போது கிழியலாம். கிழிந்தால் இரத்தத்தை நிறுத்துவது இந்தக் கொட்டகையில் நடக்காத காரியம். உள்ளேயும் ஒரு கட்டி கைக்குத் தட்டுகிறது.

"குட்டி?" என்று கேட்டான் தம்பி. அவனுக்கு அதுதானே வேண்டும்.

குட்டிக்கும் பதில் இருந்தது. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால் குட்டியும் அநேகமாக நரைத்து வெளுக்கும். வெளுக்கிற குட்டிக்கு வயதானால் இதே கட்டி வரக்கூடும். இரண்டும் ஒரே இரத்தத்தில் கைகோத்துக்கொண்டு வருகிறவை. ஒரு பழுப்புக் குதிரையோடு சேர்த்தாலாவது வெளுக்காத குட்டி பிறக்க ஓரளவு வாய்ப்பு உண்டு, அதற்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆனால் தாய்க்கு உள்ள ஆபத்து அப்போதும் அதேதான்.

தம்பி உடனே சொன்னான். "பழுப்புக் குட்டியை வச்சு நான் என்னா பண்றது? கல்யாணத்துக்கு எவன் கூப்புடுவான்?"

பார்த்தீர்களா? இதுதான் என்னைக் கொளுத்தியது. அவளுடைய வம்சம் தழைக்க வேண்டும், அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று அழுத கண்ணீரெல்லாம் எங்கே போயிற்று? அவள் குட்டி வேண்டாம். வெள்ளைக் குட்டி வேண்டும். கட்டியோடு வந்தாலும் வெள்ளை வேண்டும். நோயில்லாமல் வந்தாலும் பழுப்பு வேண்டாம். தோல் நிறத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிற, பெண் கொடுக்கிற புத்தி தொழுவம்வரை வந்து வாலைத் தூக்கிப் பார்க்கிறது.

மருத்துவர் தடை ஒன்றும் போடவில்லை. குதிரை உங்களுடையது, முடிவும் உங்களுடையது, நானாக இருந்தால் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளச்சியின் நெற்றியைத் தடவி மெல்ல "கெசியான்" என்றார். மலாயில் பாவம் என்று அர்த்தம். தம்பி காதில் அது விழுந்தது. விழாததுபோல் திரும்பிக்கொண்டான்.

அவர் போனதும் நாங்கள் இருவரும் கொட்டகையில் நின்று சண்டை போட்டோம். ஐம்பதைத் தாண்டியவள் நான், அவனுக்கும் நரை விழுந்தாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல அடித்துக்கொள்ளாத குறை.

"பாதி என்னோடது டா. நான் சம்மதிக்க மாட்டேன்."

"உன் பாதிய நீயே வச்சுக்க. என் பாதிக்குக் குட்டி வேணும்."

"எது டா உன் பாதி? தலையா, வாலா?"

"வாலு உன்னோடது. நீதானே பூ கட்டுற."

"அப்பச் சரி. அங்கதான் எல்லாம் நடக்கணும். நான் விடல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். ஆனால் சிரித்துவிட்டதால் சண்டை தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கெடாக்காரர் ஆண்குதிரையோடு வருகிறார், சொல்லியாகிவிட்டது, மானம் போய்விடும் என்றான். யார் மானம் என்று நான் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போய் நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வேலிக்கும் குதிரைக்கும் நடுவில் படுத்துக்கொள்வேன் என்று காடியில் வரும்போது வீராப்பாக நினைத்துக்கொண்டது ஞாபகமிருக்கிறது. தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஏதோ சீமந்தத்துக்கு வந்தவள்போலப் பட்டுச் சேலை. தம்பி வெள்ளச்சியைக் குளிப்பாட்டி, வாலை மேலிருந்து பாதிவரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தான். ஆணோடு சேர்க்கும்போது பெண்ணின் வால் முடி குறுக்கே வந்து இரண்டையும் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டுவார்கள். கட்டிகள் மேல் அழுத்தாமல் எவ்வளவு பதமாகச் சுற்றியிருந்தான்! அந்தக் கையையும் எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

லாரி வந்தது. கெடாக்காரர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. "அக்கா, பசியாறியாச்சா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே அவர் குதிரையை இறக்கினார். பொய் சொல்லக்கூடாது, பார்க்கிற கண் கூசுகிற அழகு அது. வில்லாக வளைந்த கழுத்து. நுரைத்த பால் மாதிரி உடம்பு. மண்ணை அது உதைத்த உதையில் என் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. வெள்ளச்சி வேலிக்கு அந்தப் பக்கம் தலையை உயர்த்தி மூக்கை விரித்தாள்.

என் கண் அதன் வாலுக்குப் போனது. வருடக்கணக்காக வாலோடு மாரடித்தவள் நான், என் கண் வேறு எங்கே போகும்? வால் அடியிலிருந்து சிவப்புத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது.

"அண்ணே, வாலைக் கட்டுறது பொண்ணுக்குத்தானே? இதுக்கு ஏன் கட்டியிருக்கீங்க?"

"லாரியில வந்துச்சுல்ல அக்கா. தகரத்துல ஒரசும்."

அது நியாயமான பதில். வழியில் குதிரைகளுக்கு அப்படிக் கட்டுவதுண்டு. "இப்பத்தான் எறங்கிருச்சே. அவுத்துருங்களேன்."

"அப்புறம் அவுத்துக்கலாம் லா. மொதல்ல வேலைய முடிப்போம்."

"அவுத்துட்டு முடிப்போம்."

அவர் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அக்கா என்ன தம்பி, மாப்பிள்ளைக்கு மெடிக்கல் செக்கப் பண்றாங்க?" தம்பியும் சிரிக்கப் போனான். போனவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் கண்ணும் அந்தச் சிவப்புத் துணியின் ஓரத்தில் நின்றது. அங்கே மஞ்சளாக மருந்துப் பொடி கசிந்திருந்தது.

"தொடாதீங்க தம்பி, ஆம்பளக் குதிரை, ஒதைக்கும்."

தம்பி கேட்கவில்லை. பக்கவாட்டில் ஒட்டி நின்று, முதுகிலிருந்து கையை எடுக்காமல் பின்னுக்கு நகர்ந்து, துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். எங்கள் வெள்ளச்சிக்கு இருந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. கறுத்த கொத்து, கொத்தின் மேல் கொத்து. ஒன்று உடைந்து, மருந்தைப் போட்டு மூடியிருந்தது. அத்தனை அழகுக்கும் அடியில் அது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மிருகம் பாவம், வால் லேசானதும் அதை நன்றாக ஒருமுறை வீசிக்கொண்டது.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வெள்ளக் குதிரைன்னா இதெல்லாம் சகஜம் லா தம்பி."

அந்த வாக்கியம் என் தம்பியுடையது. அதை இன்னொருவர் வாயில் கேட்டபோது அவன் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

"இதுக்குப் பொறந்த குட்டிங்க?" என்று கேட்டான்.

"எல்லாம் நல்லா இருக்கு. சின்னதுல ஒன்னும் தெரியாது. வயசானாத்தானே வரும்? அப்ப அது வாங்குனவன் பாடு." பிறகு, இதையெல்லாம் லேசாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு குதிரைகளையும் மாறி மாறிக் காட்டினார். "உன்னுதுக்கும் இருக்கு, என்னுதுக்கும் இருக்கு. ஜோடிப் பொருத்தம்!"

தம்பி குழந்தையைப் பார்த்தான். எங்களை எல்லாம் பார்த்தான். "ஏத்துங்க," என்றான்.

"என்னா தம்பி?"

"லாரியில ஏத்துங்கண்ணே. போய்ட்டு வாங்க."

கொஞ்ச நேரம் பேச்சு முற்றியது. குரல்கள் உயர்ந்தன. அவர் இனிப்பெல்லாம் வழிந்து போய், இந்த நோய்க் குதிரைக்கு வேறு எவன் வருவான் என்று கேட்டார். தம்பி அவரை நயவஞ்சகன் என்றான், துணி சுற்றி ஏமாற்றப் பார்த்தவன் என்றான். எனக்கு அப்போது ஆறுதலாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அவன் கோபம் என் கோபம் இல்லை. அவன் தன்னை ஒருவர் ஏமாற்றப் பார்த்ததற்காகக் கொதித்தான். அவள் கிழிந்து சாகலாம் என்று மருத்துவர் சொன்னபோது கொதிக்காதவன். நான் நடுத்தெருவில் கத்தியபோது கொதிக்காதவன். அந்தச் சிவப்புத் துணி ஒழுங்காகக் கட்டப்பட்டு, மருந்து கசியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

லாரி கிளம்பி, செம்பனைகளுக்குப் பின்னால் மறைந்தது. அப்போது வெள்ளச்சி கூப்பிட்டாள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில். மறுபடியும் கூப்பிட்டாள். வேலியோரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தாள்.

"பாத்தியா அக்கா?" என்றான் தம்பி, எங்கோ பார்த்துக்கொண்டு. "அவளுக்கு வேணும்னுதான் இருந்திருக்கு."

ஆமாம், இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் காலைப்பொழுதில் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் பதினோரு மாதம் கழித்து வரப்போகிற அந்த இன்னொரு காலைப்பொழுதை, பிரசவத்தை, அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. அது எங்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவள் அப்படிக் கூப்பிடும்போதும் சொல்ல வேண்டும். அது சுகமான வேலை இல்லை. அந்தக் குரல் ஓயும்வரை நான் காதைப் பொத்தாமல் நின்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் என்று தோன்றியது.

தம்பி மனைவி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வேலிக்குள் போனாள். பட்டுச் சேலை சகதியில் இழுபட இழுபட, வெள்ளச்சியின் வாலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். அவளுக்கு என்மேல் வருத்தம் தீரவில்லை. "உங்க மனசுக்கு இப்ப நிம்மதியா அண்ணி?" என்று கேட்டாள். நிம்மதியாக இல்லை என்பதுதான் உண்மை.

வெள்ளச்சி அதற்குப் பிறகு சில காலம் இருந்தாள். குட்டி இல்லாமல்தான் இருந்தாள். ஒரு கட்டத்தில் உள்ளே வளர்ந்தது சாணம் போகும் வழியை அடைத்தபோது, அதே மருத்துவர் வந்து, புல்வெளியில் வைத்து, ஊசி போட்டு அவளை வலியில்லாமல் அனுப்பிவைத்தார். தலையை மடியில் வைத்திருந்தவன் தம்பி. அவள் பேரைச் சொல்ல ஒரு குட்டி இல்லையே என்று இன்னமும் சிலர் என்னிடம் அனுதாபம் காட்டுகிறார்கள். அவர்களிடம் நான் மரியாதையாகப் பேசுவதில்லை. பிறந்த ஓர் உயிர் தனக்கு அடுத்து ஒன்றை விட்டுவிட்டுப் போனால்தான் கணக்கில் சேருமா? நடந்த நடை, விட்ட மூச்சு, வெயிலில் கண்ணை மூடி நின்ற அந்த நிற்றல், இதெல்லாம் போதாதா? போதும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. யார் எங்கே 'ஒன்னாவது வேணாமா' என்று கேட்டாலும் என் உடம்பு அன்றைக்குப்போலவே நிமிர்ந்து நிற்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கிளம்பினேன். காடியைத் திருப்பும்போது அவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"அடுத்த வாரக் கல்யாண வீட்டுக்கு நீயே போன் அடிச்சிரு அக்கா. குதிரை வராதுன்னு சொல்லு. இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் வராது."

இதை நான் அவனிடம் கேட்கவே இல்லை. திகைத்துப் போய், "திடீர்னு இப்படிச் சொன்னா அவங்க சும்மா விடுவாங்களா டா? என்னன்னு சொல்றது?" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? நடந்து வரச் சொல்லு."